மூன்று குடம் தண்ணீர்

என்னாங்க என்று ஒரு தரம் கூப்பிட்டாலே திரும்பிப் பார்க்கும் என் மவராசனுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்றைக்கும் சாயங்காலம் தோல் பதனிடும் ஷாப்பில் மணி அடித்ததும் கை தானாகப் போய்ப் புளியைக் கரைத்துவிட்டது. யாருக்குக் கரைத்தேன்?

சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டிவிட்டு வந்தால் நேரே கொல்லைக் கல்லில்தான் நிற்பீர்கள். புளித்தண்ணீர் விட்டுத் தேய்த்து, நான் மூன்று குடம் ஊற்றிய பிறகுதான் வாசற்படி ஏறுவீர்கள். "சுண்ணாம்பு வூட்டுக்குள்ள வரக் கூடாதுடி, கொழந்த கண்ணுல பட்டுடும்" என்பீர்கள்.

கடைசி நாளும் அதையே செய்தேன். மாட்டுவண்டியில் உங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை. என் புத்தி எங்கே போயிருந்ததோ, அதே கல்லில் கிடத்தி, காது மடல் வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். வேட்டியையும் அலசிப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் பாலாற்றங்கரையில் எரித்துவிட்டார்கள்.

மறுநாளே மேஸ்திரி மை டப்பாவோடு வந்தார். "கைநாட்டு வைம்மா, மொதலாளி பாத்து செய்வாரு" என்றார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த நாலெழுத்து அன்றைக்குத்தான் உதவியது. வாங்கிப் படித்தேன். மத்தியானமே வேலையை விட்டுப் போனவர், வீட்டில் மார்வலி வந்து இறந்தார் என்று எழுதியிருந்தது. குழிமேல் பலகை உளுத்துப்போச்சு, மாற்றுங்கள் என்று இந்த மனுஷனிடம்தானே இரண்டு தரம் சொன்னீர்கள்? காகிதத்தை அவர் மடியிலேயே போட்டேன்.

வேலூர் வக்கீலிடம் போனேன். வேலையில் செத்தால் முதலாளி பதில் சொல்லவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறதாம். கெடுவுக்குள் அதற்கென்று இருக்கும் கமிஷனரிடம் மனு கொடுக்கவேண்டுமாம். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்திக் கேட்டார். "டாக்டர் பாத்தாரா? போலீஸ் பாத்துதா? குழியிலதான் விழுந்தார்னு என்னம்மா சாட்சி?"

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருந்த சாட்சியைத் தேய்த்துக் கழுவினவள் நான்தானே. என்னை மன்னிப்பீர்களா? தூங்கி எத்தனை நாளாயிற்றோ தெரியவில்லை.

நேற்று கரீம் பாய் வந்தார். உங்களோடு அதே குழியில் நின்றவர், உங்களை எரித்த நாளுக்குப் பிறகு இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. "இன்னா பாய், இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்கு மேலே வரை வெந்து, பாதி ஆறியும் ஆறாமலும் கிடந்தது.

"உள்ள கைய வுட்டுத் தேடினேன் தங்கச்சி. அவன் கைக்கு ஆப்புட நேரமாயிடுச்சு. அவனப் புடிச்சிக்கினே வண்டில வந்தேன், கழுவிக்கத் தோணல."

"கமிஷனர்கிட்ட காட்டுவியா பாய்? வேல போயிடுமே."

"போனா போவுது. அவன் என் தோஸ்த்து."

நீங்கள் போனதிலிருந்து நேற்றுதான் வாய்விட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை மனு கொடுக்கிறோம். ஜெயிக்கிறோமோ தோற்கிறோமோ, நீங்கள் எங்கே செத்தீர்கள் என்பதைச் சர்க்கார் காகிதத்தில் எழுத வைக்காமல் விடமாட்டேன். வீட்டில் செத்தாராம். அன்றைக்கு நீங்கள் வாசற்படி ஏறவே இல்லையே.

மூன்று குடமும் ஊற்றிய உங்கள் பெண்சாதி,
முனியம்மா