முலாம் பூசிய பதக்கத்தைப் ‘போலி’ என்று எழுதியது பற்றி

அனுப்புநர்:
பதக்கம் பெற்றவரின் கொள்ளுப்பேத்தி,
தையற்கடைக்கு மேல் மாடி வீடு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பழம்பொருள் மதிப்பீட்டு அலுவலகம்.

பொருள்: எங்கள் குடும்பத்தின் போர்ப் பதக்கத்தை உருக்க அனுப்பாமல் நிறுத்திவைக்கவும், ‘போலி’ என்ற சான்றை ரத்து செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இல்லை, விற்பதற்காகக் கொண்டுவரவில்லை. தங்கள் அலுவலகத்தின் ஒவ்வொரு மேசையிலும் இதையே கேட்டார்கள். ஒவ்வொரு மேசையிலும் இதையே சொன்னேன். இங்கும் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பதக்கத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் அப்பாவின் ஆசை. அவர்கள் மதிப்பீட்டுச் சான்று கேட்டார்கள். அதனால் வந்தோம்.

1. பதக்கம் அப்பாவின் தாத்தாவுடையது. மலை தாண்டிப் போன ஒரு படையோடு அவரும் போனார். துப்பாக்கி ஏந்திப் போனார் என்று நம்பி அப்பா வளர்ந்தார். என்னையும் அப்படியே வளர்த்தார்.

2. தங்கள் மதிப்பீட்டாளர் பதக்கத்தின் ஓரத்தை ஊசியால் சுரண்டினார். வெள்ளிக்கு அடியில் வேறு உலோகம். “வெளியே வெள்ளை, உள்ளே மஞ்சள். அவிச்ச முட்டை சார் இது” என்று அப்பாவிடம் சொன்னார். காத்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். வெறும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவும் சிரித்தார். அதுதான் என் முதல் புகார்.

‘போலி’ என்று முத்திரை குத்திய தாள் கொடுத்தார்கள். போலிகளைத் திருப்பித் தருவதில்லை, உருக்க அனுப்பிவிடுவோம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா கூடத்திலிருந்த தன் தாத்தாவின் படத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டார். “யாரு என்னன்னே தெரியாத ஆளு” என்றார். ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது.

3. நான் நூலகத்துக்குப் போனேன். அந்தப் படையெடுப்புக்கு ஒரே அச்சில் இருவகைப் பதக்கங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன. ஆயுதம் ஏந்தியவர்களுக்கு வெள்ளி. சுமை தூக்கியவர்களுக்கும் சமைத்தவர்களுக்கும் தண்ணீர் கொண்டுபோனவர்களுக்கும் வெண்கலம். அதே முகப்பு, அதே நாடா. பெற்றவரின் எண், வேலை, பெயர் மூன்றும் விளிம்பில் வெட்டப்பட்டிருக்கும்.

ஒப்படைப்பதற்கு முன் விளிம்பைக் கைபேசியில் படம் எடுத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். முலாம் அடைத்து மங்கிய எழுத்துகள். ஓர் எண். சுமைதூக்கி. பிறகு அவர் பெயர்.

4. முலாம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நானும் அத்தையிடம் கேட்டேன். அப்பாவின் அக்கா. “ஆமா, நான்தான் பூசினேன். இப்ப என்ன, புடிச்சு ஜெயில்ல போடுவாங்களா?” என்றார்.

பள்ளியில் படிக்கும்போது அப்பா ஒருநாள் பதக்கத்தை வகுப்புக்குக் கொண்டுபோயிருக்கிறார். நிஜமான வீரனுக்கு வெள்ளியில்தான் கொடுப்பார்கள், இது சந்தையில் வாங்கியது என்று பையன்கள் கேலி செய்திருக்கிறார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தார். அத்தை அதைப் பாத்திரத்துக்கு வெள்ளி முலாம் பூசும் கடையில் கொடுத்து வாங்கி வந்துவிட்டார். “சாம்பல் போட்டுத் தேய்ச்சேன்டா, அழுக்கு போயிடுச்சுன்னேன். நம்பிட்டான். இன்னிக்கு வரைக்கும் நம்பிக்கிட்டிருக்கான். உங்க அப்பன் எதைத்தான் நம்பல? கூலின்னு மட்டும் சொல்லிடாதே. சுருங்கிப் போயிடுவான்.”

ஆக, ஐயா, ஏமாற்றியவர் உண்டு. ஏமாந்தது தங்கள் அலுவலகம் அல்ல. அழுதுகொண்டு வந்த ஒரு பையன்.

5. இவற்றையெல்லாம் படத்துடன் எழுதி அனுப்பினேன். ‘மறுபரிசீலனைக்குப் பொருளை நேரில் கொண்டுவரவும்’ என்று பதில் வந்தது. பொருள் தங்கள் இரும்பு அலமாரியில் இருக்கிறது. அதைச் சொன்னேன். “அது அந்த செக்‌ஷன்மா. நீங்க வாங்கிட்டு வந்து எங்ககிட்ட குடுங்க” என்றார் எழுத்தர். அந்தப் பிரிவில், போலியை வெளியே கொடுக்க விதி இல்லை என்றார்கள்.

போலி இல்லை என்று காட்ட அது வெளியே வர வேண்டும். வெளியே வர அது போலி இல்லை என்று ஆக வேண்டும். இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு மின்விசிறி ஓடுகிறது. அதன் அடியில் நெடுநேரம் நின்றேன். காற்று நன்றாக வருகிறது. அதில் புகார் இல்லை.

6. கடைசியில் மதிப்பீட்டாளரே நான் எடுத்த படத்தைப் பார்த்தார். “அட, ஆமா” என்றார். அதை மறைக்காமல் பதிவு செய்கிறேன். பிறகு ஒரு வழி சொன்னார். முலாமைக் கரைத்துவிட்டால் அசல் என்று எழுதித் தருவாராம். அந்த வெண்கலம் கிடைப்பது அரிது, வெள்ளியைவிட மதிப்பு கூடும் என்றார். “சம்மதம்னு ஒரு கையெழுத்து போடுங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்.”

நான் போடவில்லை. பிடிவாதக்காரி என்று நினைத்திருப்பார். சுமை தூக்கியவர் கொள்ளுத்தாத்தா. தம்பிக்காக முலாம் பூசியவர் அவர் பேத்தி. ஒன்றைக் கரைத்து மற்றதன் மதிப்பைக் கூட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, வரும் வியாழக்கிழமை உருக்கப் போகும் பொருள்களிலிருந்து எங்கள் பதக்கத்தை எடுத்துவிடுமாறு வேண்டுகிறேன். ‘போலி’ என்பதை அடித்துவிட்டு, ‘அசல். வெண்கலம். சுமைதூக்கிக்கு வழங்கப்பட்டது. பிற்பாடு குடும்பத்தாரால் வெள்ளி முலாம் பூசப்பட்டது’ என்று எழுதித் தாருங்கள். மதிப்பு என்ற இடத்தில் எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளுங்கள். பதக்கம் மட்டும் இருக்கிறபடியே திரும்ப வேண்டும்.

கடிதத்தை அப்பாவின் பெயருக்கு அனுப்புங்கள். ‘போலி’ என்ற சொல் அவர் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. மூன்றாம், நான்காம் பத்திகளில் உள்ளவை அவருக்கு இன்னும் தெரியாது. ‘போலி’, ‘சுமைதூக்கி’ இரண்டில் எது அவரை அதிகம் வருத்தும் என்று எனக்கும் தெரியாது. தங்கள் கடிதம் வருவதற்குள் நான் சொல்லியாக வேண்டும். அது என் வேலை. மற்றவை தங்களுடையவை.

இனி எந்த மேசைக்கு அனுப்பினாலும் வரத் தயாராக உள்ள,
(கையொப்பம்)

இடம்: வீட்டுச் சமையலறை
நாள்: திங்கட்கிழமை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். விளிம்பு எழுத்துகள் வரும் இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். “மலை மேலயா தூக்கிட்டுப் போனார்?” என்றார். ஆமாம் என்றேன். “அக்காவுக்கு போன் போடு” என்றார். போட்டுக் கையில் கொடுத்தேன். பிறகு பீரோவை நகர்த்தினேன்.