அஃபீம் என்றால் சாறு

பாப்பாத்திக்குப் பூமாலை அன்போடு எழுதுவது. நான் சுகம். நீயும் பிள்ளையும் சுகமா? உங்கம்மா இருமல் நின்றதா?

இங்கே மத்தியப் பிரதேசத்தில் நாங்கள் போர்வெல் போடும் இடத்தைச் சுற்றிலும் கசகசா வயல். போன வாரம் எனக்குப் பல்வலி. வயல்காரர் கறுப்பாக ஒரு உருண்டையைக் கொடுத்து, “அஃபீம்” என்றார். மருந்தென்று வாயருகே கொண்டுபோனேன்.

“டேய், இன்னா துன்ற? அது அபின்டா!” என்று கத்தினார் நம்ம வடக்கனந்தல் முனியன் அண்ணன்.

வயல்காரரின் தம்பி வாத்தியார். அவர் சொன்னார்: கசகசாக் காயைக் கீறினால் வடியும் பாலுக்கு, சாறு என்ற பொருளில் கிரேக்கர் ஒரு பெயர் வைத்தார்களாம். அதுதான் இங்கிலீஷில் ஓபியம். அரபியர் வாயில் மாறி வந்து இங்கே அஃபீம், நம்மிடம் அபின்.

வெறும் சாறு என்றதும், சாராயமும் ஒரு சாறுதானே, அதைக் குடித்தே போன உங்கப்பா நினைவு வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பல்லைப் பிடுங்கியாயிற்று, பயப்படாதே.

குளிர் ஜாஸ்தி. ஊரிலிருந்து வருகிற ஆளிடம் உன் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்பு, போர்த்திக்கொள்ள. துவைக்க வேண்டாம்.

லாரி கிளம்புகிறது.

உன்
பூமாலை