கதவு கேட்டவள்

பிப்ரவரி 6, வியாழன்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நகராட்சியின் பூங்காக் குழுவுக்குப் பள்ளி சார்பில் ஒருவர் போக வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டபோது, மற்ற ஆசிரியைகள் எல்லாம் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். நான் மட்டும் “எப்போ?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

இன்று முதல் கூட்டம். நடக்க முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள், வயதானவர்கள், எங்கள் சின்னவனைப் போன்றவர்கள் என்று யார் வந்தாலும் விளையாடும்படி பூங்காவை மாற்றுவதுதான் குழுவின் வேலை. கூட்டம் போட்ட இடம் நகராட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது! தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கும்போது பியூன் மூச்சு வாங்க மேலே வந்தார். கீழே சக்கர நாற்காலியில் ஒரு வக்கீலம்மா வந்திருக்கிறாராம். “நான் வந்துட்டேன், குழு எப்போ வருது?” என்று கேட்டுவரச் சொன்னாராம்.

ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கீழே இறங்கினோம். வரி கட்டும் கவுண்டருக்கு முன்னால் கூட்டம் நடந்தது. வரி கட்ட வந்த ஒருவர் நடுவில் நின்று இரண்டு யோசனை சொல்லிவிட்டுப் போனார். தலைவர் சொன்னதைவிட அவை நன்றாகவே இருந்தன.

வக்கீலம்மாவை எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

பிப்ரவரி 8, சனி

பொய் எதற்கு? நான் அந்தக் குழுவில் இருப்பது ஊருக்கு நல்லது செய்ய அல்ல. எனக்கு ஒரே ஒரு பொருள் வேண்டும். பூங்காவுக்கு ஒரு கதவு. உயரத்தில் தாழ்ப்பாள் வைத்த கதவு.

சின்னவன் என் தம்பி. முப்பத்தோரு வயது, ஆறடி உயரம், பெயர் மட்டும் சின்னவன். நாலைந்து வார்த்தைதான் பேசுவான். கையை விட்டால் ஓடுவான். அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறான். போன வருடம் பூங்காவிலிருந்து ஓடி நேராகச் சாலைக்குப் போய்விட்டான். லாரிக்காரர் பிரேக் போட்ட சத்தம் இப்போதும் சமைக்கும்போது, துணி மடிக்கும்போது காதில் விழுகிறது. பழைய கதவு துருப்பிடித்து விழுந்ததிலிருந்து அங்கே வெறும் இடைவெளிதான்.

அன்றிலிருந்து அவனுக்குப் பூங்கா கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறான். சாயங்காலம் ஆனால் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைக்கிறான். நான் எடுத்துப்போய்த் திரும்ப வாசலில் வைக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சண்டை. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

நான் கதவு என்றேன். வக்கீலம்மா கூடாது என்றார். இடைவெளியை அகலமாக்க வேண்டுமாம், எதுவுமே குறுக்கே இருக்கக் கூடாதாம். “தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு வெளியில உட்கார்ந்து, யாராவது வந்து திறப்பாங்களான்னு பார்த்தே என் பாதி வாழ்க்கை போயிடுச்சு. இந்த ஒரு இடமாவது அப்படி வேண்டாம்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “கதவு இருந்தா நீங்க காத்திருக்கணும், அவ்வளவுதான். கதவு இல்லேன்னா நான் பொணத்தைத் தூக்கணும்” என்றேன்.

தலைவர் டீ சொன்னார். கடைசியில் இரண்டு பேரும் பூங்காவுக்கே போய் உட்கார்ந்து பேசி, ஒரு முடிவோடு வாருங்கள் என்று தள்ளிவிட்டார். மற்ற நாலு பேருக்கும் பரம நிம்மதி. ஊஞ்சலுக்கு என்ன வண்ணம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர் வேறு எப்படிப் பேசுவார்? “ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான் சூடாகி இருக்கீங்க” என்கிறார்.

அந்த அம்மா சொன்னதும் நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

மார்ச் 1, சனி

பூங்காவுக்குப் போய் வந்தாயிற்று.

சின்னவனையும் கூட்டிக்கொண்டு போனோம். இவர் ஒரு கை, நான் ஒரு கை. வக்கீலம்மா முன்பே வந்து, அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இவருக்கு போன் வந்தது. ஒரு நிமிஷம், கையை விட்டார். நான் செருப்பைச் சரி பண்ணக் குனிந்தேன் — போச்சு. உருவிக்கிட்டு ஓடுறான். நேரா வாசலுக்கு. நான் கத்துறேன், பின்னாலேயே ஓடுறேன், செருப்பு அறுந்து போச்சு, அந்தப் பக்கம் பஸ் வர்ற சத்தம் கேக்குது —

வக்கீலம்மா நாற்காலியை ஒரே தள்ளில் இடைவெளிக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கதவே வேண்டாம் என்றவர் கதவாக நின்றார். சின்னவன் அவர் முன்னால் போய் நின்று, சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான்.

போன உயிர் திரும்பி வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?” என்றார். “நீங்க எப்பவும் பின்னாலேயே ஓடுறீங்க, அவர் முதுகைத்தான் பார்க்கிறீங்க. நான் எதிர்ல இருந்தேன். அவர் சிரிச்சுக்கிட்டே வந்தார். நீங்க வர்றீங்களான்னு ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். உங்க செருப்பு அறுந்ததும் வேகத்தைக் குறைச்சார். அவர் தப்பிச்சு ஓடலைங்க. உங்ககூட விளையாடுறார்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒற்றைச் செருப்போடு.

மார்ச் 2, ஞாயிறு

பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எனக்குத் தெரியாததா?

மார்ச் 5, புதன்

பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு திருத்திக்கொண்டிருந்தபோது அம்மா ஞாபகம்.

அம்மாவும் அவன் பின்னால் ஓடியிருக்கிறாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே. அவமானமாக இருக்கும் எனக்கு. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே, இதில் என்னம்மா சிரிப்பு என்று திட்டியிருக்கிறேன். அலுத்துப்போய்த்தான் இப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் விளையாடிக்கொண்டிருந்தாள்.

அவனோடு நாங்கள் வேறு என்ன விளையாடியிருக்கிறோம்? ஊட்டினோம், குளிப்பாட்டினோம், மாத்திரை கொடுத்தோம். துரத்தினால்தான் விளையாட்டு என்று அவன் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். நாங்களும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் துரத்தியிருக்கிறோம்.

வக்கீலம்மாவுக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால், “அதெல்லாம் இருக்கட்டும், நீங்க துரத்தாம நின்னா அவர் என்ன பண்றார்னு எங்க வச்சுப் பார்க்கலாம்?” என்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

பள்ளி மைதானம். நாலு பக்கமும் மதில், கேட்டைப் பூட்டியாயிற்று. பூட்டிய கேட்டுக்கு முன்னால் இவர் வேறு கையை விரித்துக்கொண்டு காவல். வக்கீலம்மா நிழலில்.

கையை விட்டேன். ஓடினான்.

நான் நிற்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேலை. எவ்வளவு கஷ்டம் அது! என் கால் தானாக முன்னால் போகிறது. கத்தாதே, கத்தாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் மனசு கேட்காமல், மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவள் எழுந்து ஓடக் கொஞ்ச நேரமாவது ஆகுமே.

பாதி மைதானம் போனவன் திரும்பிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஓடினான். திரும்பினான். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேவிட்டான். அங்கேயிருந்து என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுத? ஆட்டத்தில் நான்தான் ஏமாற்றியது போல ஒரு முகம்.

பிறகு நடந்து வந்தான். ஓடவில்லை, நடந்து. என் கையைப் பிடித்து இழுத்து, “அக்கா” என்றான். நாலடி ஓடிப்போய் நின்று, வா என்பது போலத் திரும்பிப் பார்த்தான்.

நான் அழுதது வக்கீலம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தேன். கைக்குட்டையை நீட்டுகிறார்.

மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்று தடவையும் நின்றான், திரும்பி வந்தான்.

மார்ச் 20, வியாழன்

கூட்டம் (கீழேதான்). “கதவு வேண்டாம்” என்று நான் சொன்னதும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உடனே வக்கீலம்மா, “ஆனா வாசல் நேரா சாலைக்குப் போகக் கூடாது” என்று என் பக்கம் வாதாட ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் ஒன்று போல இருக்க மாட்டார்கள், நிற்காமல் ஓடும் பிள்ளைகளும் வருவார்கள் என்றார். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அவரே சொல்லிவிட்டார். தலைவர் பாவம், போன மாதம் சண்டை போட்டது நாங்கள்தானா என்று மாறி மாறிப் பார்த்தார்.

நகராட்சிப் பொறியாளர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். வாசலில் இரண்டு சுவர், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. நேராக வெளியே போக முடியாது, வளைந்து வளைந்துதான் போக வேண்டும். ஓடுகிறவன் வேகம் அங்கே குறைந்தே ஆகும். நாற்காலி தாராளமாகத் திரும்பும். தாழ்ப்பாள் இல்லை, யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் பெரியவர்களும் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டு. நிகழ்ச்சிக்கு என்ன பெயர் போடுவது என்று தலைவர் கேட்டார். ‘ஒருங்கிணைந்த உடலியக்க...’ என்று யாரோ ஆரம்பித்தார்கள். “ஓடிப்பிடிச்சு விளையாட்டுன்னே போடுங்க” என்றேன். போட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

வேலை ஆரம்பம். ஜல்லி வந்து இறங்கியிருக்கிறது. சின்னவனுக்கு ஞாயிறு தோறும் மைதானம். எனக்கு முட்டி வலி.

ஜூன் 12, வியாழன்

போன வாரம் வாசல் சுவரை நெருக்கிக் கட்டிவிட்டார்கள். வக்கீலம்மா உள்ளே போய்த் திரும்ப முடியாமல் நடுவில் சிக்கிக்கொண்டார். “இப்படியே இருக்கேன், படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்புங்க” என்றார். அனுப்பினேன். மறுநாளே இடித்துவிட்டார்கள். இந்த முறை கொத்தனார் அவர் நாற்காலியையே வாங்கி வைத்துப் பார்த்துத்தான் கோடு போட்டாராம்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று சின்னவன் செருப்பை மடியில் வைத்தான். போட்டுவிட்டேன்.

பூங்காவில் நல்ல கூட்டம். ஓடிப்பிடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் ஓட முடியாதவர்கள். அதனால் என்ன, சிரிப்புக்குக் குறைவில்லை. தலைவரே நாலடி ஓடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வக்கீலம்மாவைப் பிடிக்கத்தான் ஆளே இல்லை. சரிவுப் பாதையில் அந்த நாற்காலி போகிற வேகம் அப்படி.

மரத்தடியில் நின்று கையை விட்டேன். வாசல் பக்கம்தான் ஓடினான். சுவர் வளைவில் ஒரு கணம் கண்ணுக்கு மறைந்தான். இவர் சாலைப் பக்கம் நிற்கிறார் என்று தெரியும், இருந்தாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். நான் அசையவில்லை. வளைவிலிருந்து முதலில் தலை தெரிந்தது. நான் இருக்கிறேனா என்று எட்டிப் பார்க்கிறான்.

திரும்பி வந்தான். வழக்கம் போலக் கையைப் பிடித்து இழுப்பான் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அப்படியே நின்றான். ஓடவும் இல்லை. எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை தட்டினான்.

“உங்களைத் தொட்டுட்டார்ல? இப்போ ஓடுறது உங்க முறை, துரத்துறது அவர். ஓடுங்க” என்றார் வக்கீலம்மா.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். அத்தனை பேர் பார்க்க, மூச்சு வாங்க, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடினேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன், வருகிறானா என்று.