பின் அச்சுக்கு மேலால் மூன்று வளைவு

பாலையூற்று,
திருகோணமலை.
09.07.2025

அன்பு மகன் கோணேஸ்வரனுக்கு,

நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், சுகமாகவும் இருக்கிறோம். இந்த முறை இதை வழமைக்காக எழுதவில்லை, வாசித்துக்கொண்டு போக உனக்கு விளங்கும். நீயும் கனடாவில், பிரம்ரனில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் கோணேசரைக் கும்பிடுகிறேன், கோபம் வந்த பிறகும் அதில் குறை வைக்கவில்லை. போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல முதல் நீ மூன்று சொல்லுவாய். கடிதத்துக்குக் குறுக்கே கதைக்க ஏலாது.

விஷயம் காரின் புகைக்குழாய். டிசம்பரில் வந்து கூட்டாளிமாரோடு ஓடித்திரிய வேண்டுமென்று நீ பாஹிமின் கராஜுக்கு நேரே போன் எடுத்து, பழைய சைலன்சரைக் கழற்றி அகலக் குழாய் போடச் சொன்னாய். கார் நீ வாங்கித் தந்தது, ஓம், மறுக்கவில்லை. ஓட்டுகிறது நான். பின் சீற்றில் இருக்கிறது அப்பா. பாரிசவாதம் வந்த பிறகு அவர் வாயில் மிஞ்சினது 'ஓம்', 'ஏலாது' என்ற இரண்டு சொல். செவ்வாயும் வெள்ளியும் நிலாவெளிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன், வலது கால் மடங்காது, பின்னால் காலை நீட்டித்தான் இருப்பார். இவ்வளவும் உனக்குத் தெரியும். தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 21 சனிக்கிழமை குழாய் போட்டது. கராஜிலிருந்து வெளியே எடுக்கத் தெருவே திரும்பிப் பார்த்தது, கடற்கரையோரம் மேய்ந்த மான்கள் நாலு பக்கமும் பாய்ந்தன. எதிர்வீட்டு அன்னலட்சுமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பத்மாக்கா, பழைய காரைக் குடுத்திட்டு ஹெலிகொப்டர் வாங்கினனீங்களோ?" என்று கேட்டாள். சத்தம் மட்டும்தான் கூடினது, இழுவை குறைந்துபோனது. உவர்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறின கார் முதலாம் கியரிலும் முனகினது. அந்தச் சத்தம் தாங்காமல்தான் கண்ணாடி நாலையும் ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டு ஓடத் தொடங்கினேன். இந்த வரியை இன்னொரு தரம் வாசி.

24 செவ்வாய், நிலாவெளியில் இறக்கும்போது அப்பா சத்தி எடுத்தார். முதல்நாள் கணவாய்க் கறி வைத்தனான், அதுதான் என்று நினைத்தேன். 27 வெள்ளி, திரும்பி வரும் வழியில் மருந்துக் கடையில் நிறுத்தினேன். நல்ல வெயில், அதனால் எஞ்சினை ஓட விட்டு, ஏசியையும் விட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனேன். எனக்கு முன்னால் ஏழு பேர். கடைக்குள் நின்று பார்க்கிறேன், அப்பா மோதிரம் போட்ட இடக்கையால் கார்க் கண்ணாடியில் தட்டுகிறார். மூன்று தரம் தட்டினார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன், பொறுங்கோ என்று. எரிச்சலோடுதான் காட்டினேன். மருந்தோடு வந்து கதவைத் திறக்க இருபது நிமிடம் போய்விட்டது. தலை ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தது, உதட்டோரம் எச்சில். கூப்பிட்டேன், அந்த 'ஓம்' கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் வாதம் திரும்பி அடித்துவிட்டதோ என்று பயந்தார்கள். தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள், புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டு இரவு வார்ட்டில் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் நீ போன் எடுத்தாய். அப்பாவுக்குக் களைப்பு என்று பொய் சொன்னேன், தூர இருக்கிற பிள்ளை பதறக் கூடாதென்று. நீ உடனே, "அதை விடுங்கோ அம்மா, கார்ச் சத்தம் எப்பிடி, பயங்கரமா இருக்கோ?" என்று கேட்டாய். அவருடைய கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்றனான்.

ஜூலை முதலாம் திகதி செவ்வாய், கார் ஓட்ட மனம் வராமல் அஸாமின் ஓட்டோவில் போனோம். பயிற்சி கொடுக்கிற பிள்ளை நஸ்ரியா அவரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதினெட்டு அடி நடக்க வைத்தாள், "ஐயா இண்டைக்கு என்னை முந்திப் போகப் பாக்கிறார்" என்று பகிடி விட்டாள். நாலாம் திகதி வெள்ளி திரும்பக் காரை எடுத்தேன். சாம்பல்தீவுப் பாலம் தாண்ட எனக்கே தலையிடி, பின்னால் பார்க்கிறேன், அப்பா தூங்கி வழிகிறார். ஓரம் கட்டி நாலு கதவையும் திறந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கண்ணை விழித்தார். கொப்பியை எடுத்துத் திகதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். கார், கார், ஓட்டோ, கார். முப்பத்தொரு வருடம் மற்றவர்களுடைய விபத்துகளைப் பத்திரிகைக்கு எழுதினவளுக்கு, தன்னுடைய காருக்குள் நடக்கிறது விளங்கப் பதின்மூன்று நாள் எடுத்தது.

அடுத்த நாள் காலை பாஹிமின் கராஜில் போய் நின்றேன், துறைமுகப் பக்கம் வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டுகிற இடத்துக்குப் பின்னால்தான் அது. காரைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். குழாய் பின் அச்சு வரையும் போகவில்லை, பக்கத்தால் திரும்பிப் பின் கதவுக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு நின்றது. சீற்றின் கால் விரிப்பைக் கிளப்பினால் உப்புக் காற்று தின்ற தகட்டில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு ஓட்டை. சரியாக அப்பா கால் நீட்டுகிற இடம், புகை அதால்தான் உள்ளே ஏறினது. ஏன் பின்னுக்குக் கொண்டு போகவில்லை என்று கேட்டேன். "தம்பிதான் சொன்னாரு அக்கா. அச்சுக்கு மேலால ஏத்தி இறக்க மூணு வளைவு வேணும், வளைவு கூடினா எஞ்சினுக்கு மூச்சு முட்டும், பக்கத்தால எடுங்க எண்டாரு." நீங்கள் என்ன சொன்னனீங்கள் என்றேன். "புகை கதவடியில வருமே எண்டு சொன்னன். ரேஸ் கார் எல்லாம் அப்பிடித்தான் எண்டு சிரிச்சாரு." அப்படியென்றால் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன், வேலை செய்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாஹிம் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்கதானே அக்கா கார்த் திறப்பைத் தந்திட்டு, தம்பி சொல்றபடி செய்யுங்க எண்டு போனீங்க" என்றார். அது உண்மை. திறப்பைக் கொடுத்ததும் நான், உள்ளங்கையைக் காட்டினதும் நான். அவை இரண்டையும் உன் தலையில் போடவில்லை. மிச்சம் உன்னுடையது.

பிறகு வளைவுகளை நானே தெரிந்தெடுத்தேன், ஒரு கதிரையைப் போட்டு அங்கேயே இருந்து. மூலை மாதிரி மடக்கென்று திரும்புகிற ஆயத்த வளைவு ஒன்று காட்டினார், அதைத் தள்ளி வைத்தேன். அழுத்தி மடித்த வளைவு ஒன்று காட்டினார், உள்வளைவு காலால் மிதித்த தகர ரின் மாதிரி நசுங்கி இருந்தது. நீ பாஹிமுக்குச் சொன்னது முழுப் பொய் இல்லை, நசுங்கின வளைவு மூச்சை அடைக்கும். வட்டம் கெடாமல் மெல்ல வளைந்து போனால் இந்தச் சின்ன எஞ்சினுக்கு ஒரு குறையும் வராது. அதற்கு வள்ளக் குழாய் வளைக்கிற மாதிரிக் குழாய்க்குள் மணலை இறுக்கி, இரண்டு முனையையும் அடைத்து, சூடாக்கித்தான் வளைக்க வேணும் என்றார். மகாவலி ஆற்று மணலைத் தகரத்தில் போட்டு முதலில் வறுத்தார். கடல் மணல் பக்கத்திலேயே கிடக்கிறதே என்றேன். "உப்பு குழாயைத் தின்னும் அக்கா. ஈரம் இருந்தா அடைப்பு வெடிச்சு என்ர மூஞ்சைக்கு வரும்" என்றார். பழைய குழாயின் அகலமேதான் புதியதுக்கும். ஒரு வளைவு மேலே ஏற, ஒன்று அச்சைத் தாண்ட, ஒன்று கீழே இறங்கிப் பின் பம்பருக்கு வெளியே போக. பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தால் போகிற இடத்தில் கை வைத்து இடைவெளி பார்த்தேன். மணல் முழுக்கக் கொட்டுண்டதோ என்று ஒரு முனையில் ரோச் வெளிச்சம் பிடிக்கச் சொல்லி மறு முனையால் பார்த்தேன். பழைய சைலன்சரைத் திரும்பப் பூட்டி, ஓட்டைக்குத் தகடு ஒட்டி, திங்கட்கிழமை முடித்தார். எஞ்சினை ஓட விட்டு, கண்ணாடி ஏற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் அப்பாவின் இடத்தில் நான் இருந்தேன். பாஹிம் வெளியே கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார், வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நேற்று அப்பாவை நிலாவெளிக்குக் கூட்டிப் போனேன், உவர்மலைக்கும் ஏற்றிப் பார்த்தேன், இரண்டாம் கியரிலேயே ஏறினது.

உன் அக்கா சுலோஜனாவுக்கு மட்டக்களப்பிலிருந்து இங்கே வேலை மாற்றம் கிடைக்கும் போலிருக்கிறது. அவளுக்கு நான் இதொன்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு நீயே உன் வாயால் சொல்லு. பாஹிமுக்கு இனி நீ போன் எடுக்கக் கூடாது, எடுத்தால் எனக்கு அறிவிப்பதாக அவர் வாக்குத் தந்திருக்கிறார். நீ நேசமில்லாத பிள்ளை என்று நான் எழுதவில்லை. காரை நினைக்கும்போது உனக்குச் சத்தம் நினைவு வந்தது, உள்ளே இருக்கிற ஆள் நினைவு வரவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நேற்றுப் பின்னேரம் அப்பாவிடம், நடந்ததெல்லாம் கோணேசுக்கு எழுதப் போகிறேன் என்றேன். "ஏலாது" என்றார். அவனுக்குத் தெரியத்தானே வேணும் என்றேன். மோதிரக் கையால் மேசையில் அடித்து, "ஏலாது, ஏலாது" என்றார். உன்னைக் காப்பாற்றத்தான் அவருக்கு அந்தச் சொல் இவ்வளவு சத்தமாக வந்தது. முப்பத்தேழு வருடத்தில் அவர் மறித்த ஒன்றை நான் செய்வது இதுதான் முதல் தடவை.

கோணேசர் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. டிசம்பரில் வா. வந்தால் முன் சீற்றில் ஏறாதே, பின்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் இரு. அவர் கண்ணாடியில் தட்டினால் எதற்கென்று கேட்டுக்கொண்டிராதே, உடனே கண்ணாடியை இறக்கிவிடு.

கோபமும் பாசமும் குறையாத
அம்மா
பத்மாசனி கனகசபை