ஐஸ்காரர் இனி நம் தெருவுக்கு வரலாம்

அக்கா,

திருச்சியிலிருந்து வந்துவிட்டோம். நீ வெங்காயக் காட்டில் இருக்கிறாய். எனக்கு மதியம் பள்ளியில் பரீட்சை வேலை. அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

கௌசல்யாவுக்கு இதயத்தில் ஒன்றுமில்லை. ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். சின்ன வயதில் இதே மூட்டுக் காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டதால்தான் இவள் அம்மா தேன்மொழிக்கு வால்வு கெட்டது, அவளை இழந்தோம். இவள் வால்வு நன்றாக இருக்கிறது.

நீ வாங்கிக் கொடுத்த சேமியா ஐஸால்தான் பிள்ளைக்கு மூட்டு வீங்கியது என்று உன்னைத் திட்டினேன். தப்பு என்னுடையது. தொண்டைப்புண்ணில் இருந்த கிருமிதான் காரணமாம். அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, கிருமி போன பிறகும் அடங்காமல் தன் மூட்டையே தாக்கியிருக்கிறது.

மறுபடி தொண்டையில் கிருமி வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல வருஷம் போட வேண்டும். அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். காய்ச்சல்தான் இல்லையே என்று தள்ளிப் போடாதே.

சோறு ஆக்கிவிட்டேன். ரசம் மட்டும் வை.

அவள் எதிர்வீட்டில் பாண்டி ஆடுகிறாள். ஓடலாம், குதிக்கலாம் என்று டாக்டரே சொன்னார். நீ போய், "ஐயையோ, மெதுவா!" என்று கத்தாதே.

ஐஸ்காரரையும் இனி விரட்டாதே. பாவம், உனக்குப் பயந்து சுற்றிக்கொண்டு போகிறார்.

தம்பி

பஸ்ஸில் கௌசல்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். "என்னம்மா?" என்று சிரித்தேன். "உங்களுக்குக் கோணப்பல்லு இருக்குல்லப்பா! எனக்கு மறந்தே போச்சு" என்றாள்.