வியாதி இல்லை என்று திரும்பிய பில்

ஜூன் 6, 2005. திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை பஸ்ஸில் நின்றபடியே. சேலை முழுக்கச் சுண்ணாம்புக்கல் தூசி.

என் மருத்துவ பில் திரும்பி வந்துவிட்டது. ஆபீஸில் சூப்பிரண்டு சார் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "குழந்தையின்மை வைத்தியத்துக்கு நம்ம மருத்துவத் திட்டத்துல எடமில்லையாம்மா. அது வியாதியே இல்லன்னு எழுதியிருக்கான்."

வியாதி இல்லையாம். அப்புறம் என்ன, பொழுதுபோக்கா? மாதாமாதம் திட்டத்துக்கென்று சம்பளத்தில் பிடிக்கும்போது மட்டும் நான் வேண்டும். அதை எழுதியவன் எதிரில் இருந்திருந்தால் பேப்பர்வெயிட்டால் நெற்றியைப் பெயர்த்திருப்பேன்.

வாங்க: து. பருப்பு அரை கி., புளி, துவைக்கிற சோப்பு.

ஜூன் 8. புதன்

காற்றே இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது.

ராத்திரி சாப்பிடும்போது பில் விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிமெண்ட் ஆலைக்குக் கல் லோடு அடித்துவிட்டு அப்போதுதான் லாரியை விட்டு இறங்கியிருந்தார். வைத்தியமே அவருக்குத்தான். எனக்கு ஒரு குறையும் இல்லை, அவருக்குத்தான் உயிரணு குறைவு, விடாமல் மருந்து சாப்பிட்டால் வழி உண்டு என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அன்றைக்கே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால் ஊருக்கு நான் மலடி.

"பில்லுல யார் பேரு போட்ட?"

"உங்களுக்குத்தானே வைத்தியம். உங்க பேருதான்..."

முடிக்கவில்லை. ஒரே அறை. காது இன்னும் இரைகிறது.

"ஆபீஸ் பூரா எம் மானத்த ஏலம் போட்டுட்டியேடி!" மருந்து பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

கண்ணாடியைப் பொறுக்கினேன். நீளமாக ஒரு துண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு முறத்தில் போட்டேன்.

ஜூன் 10. வெள்ளி

மாமியார் முடிவு செய்துவிட்டாள். என் தங்கை கலாவை அவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைப்பதாம். "வெளியிலேர்ந்து ஒருத்தி வந்தா ஒன்ன வூட்ட விட்டுத் தொரத்திடுவா. தங்கச்சின்னா ஒனக்கும் கஞ்சி ஊத்துவா" என்கிறாள். எனக்கு நல்லது செய்கிற தோரணை.

கலாவுக்குப் பத்தொன்பது வயது. ரஞ்சன்குடியில் அப்பாவோடு இருக்கிறாள். டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். மூத்தவள் வாழாவெட்டியாகிவிடுவாளோ என்ற பயத்தில் அப்பா தலையாட்டிவிட்டார்.

மத்தியானம் ஆபீஸுக்கு அவள் போன். அழுகை. "அக்கா, நீ முடியாதுன்னு சொல்லு. நீ சொன்னா நின்னுடும்க்கா."

ராத்திரி மாமியார் காதில் விழாமல் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கலாவ கட்டினாலும் பிள்ள வராதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" தலைமயிரைப் பிடித்து நிலைப்படியில் மோதினார். அவர் கையைக் கடித்தேன். வாயில் உப்புக் கரிக்கும் வரை விடவில்லை. அடுப்படியில் மாமியார் வெங்காயம் நறுக்குகிற சத்தம் நிற்கவே இல்லை.

நெற்றி வீக்கம். ஆபீஸில் கேட்டால் பஸ் கம்பி.

ஜூன் 13. திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணல். பெரம்பலூர் ஆஸ்பத்திரி.

நேற்று ரஞ்சன்குடியில் நிச்சயம். மூத்தவள் தன் கையால் தாம்பூலத் தட்டை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தால்தான் எங்கள் வகையறாவில் இரண்டாம் கல்யாணம் செல்லும். இல்லையென்றால் பங்காளிகள் பந்தியில் உட்கார மாட்டார்கள். எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். கலா மட்டும் என் முகத்தை.

தட்டை எடுத்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கொற எனக்கில்ல. இவருக்கு. திருச்சி டாக்டர் சொன்னது. கலாவுக்கும் இதே கதிதான்."

"பொய் சொல்றா சிறுக்கி!" என்று மாமியார் கத்தினாள். அவன் பாய்ந்து வந்தான். இனி இவனுக்கு மரியாதை கிடையாது. பித்தளைத் தட்டாலேயே முகத்தில் ஓங்கி அடித்தேன். புருவம் கிழிந்தது. வெற்றிலையும் பழமும் ரத்தமுமாகத் தரை. நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது.

வாசலுக்கு ஓடி லாரியிலிருந்து ஜாக்கிக் கம்பியோடு வந்தான். தலைக்குத்தான் குறி. கையைத் தூக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

இரண்டாம் அடிக்கு ஓங்கும்போது கலா உலக்கையோடு குறுக்கே வந்து நின்றாள். "இன்னொரு அடி விழுந்துச்சு, மண்டையப் பொளந்துடுவேன்." மாமா என்றுகூடச் சொல்லவில்லை. பங்காளிகள் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். கலாவை இனி யாரும் பெண் கேட்டு வர மாட்டார்கள், அந்த வீட்டிலிருந்து.

ஆஸ்பத்திரி வரை அப்பா அழுதுகொண்டே வந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஜூன் 15. புதன்

ஆபரேஷன் முடிந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். மாவுக்கட்டுக்குள் அரிப்பு தாங்கவில்லை.

சூப்பிரண்டு சார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "கவலப்படாதம்மா. எலும்பு முறிவு நம்ம திட்டத்துல இருக்கு. இந்த பில்லு திரும்பி வராது."

சிரித்துவிட்டேன். தோள் வரை வலித்தது. பிள்ளை பெறக் கேட்டபோது இல்லை. அதைக் கேட்டு உடைபட்ட கைக்கு உண்டு.

விண்ணப்பத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "காரணம்னு கேட்டிருக்கான் பாரு, அதுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு போடு. எல்லாரும் அப்படித்தான் போடறது."

தெரியும். எங்கள் ஆபீஸ் பெண்கள் எல்லாரும் பாத்ரூமில்தான் விழுந்திருக்கிறார்கள்.

பேனாவை இடது கையில் வாங்கி எழுதினேன்: கணவர் லாரி ஜாக்கிக் கம்பியால் அடித்தார்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, இப்படி எழுதினா போலீஸ் கேசும்பான். பில்லு திரும்பி வந்துடும்மா."

"வரட்டும் சார். போற மேசையில எல்லாம் படிச்சுட்டு வரட்டும்."