சந்தனம் பூசிய தகடு

என் முதலாளியம்மாவும் மனைவியுமானவளுக்கு,

நீ அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து நாள் ஆகிறது. நம் மருந்துக் கிடங்குக்கு நீ வாங்க நினைத்த, உயர அடுக்குகளில் சரக்கு ஏற்றி இறக்கும் பழைய ரீச் டிரக்கை, நான் பொறாமையால் தட்டிக் கழித்தேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். உன்னோடு முன்பு வேலை பார்த்த கலைவாணன் தேர்ந்தெடுத்த வண்டி என்பது ஒரு காரணமே இல்லை. எத்தனை கிலோ தூக்கும் என்று எழுதியிருக்கும் தகட்டைப் படிக்க முடியவில்லை. அது விதிக்குப் புறம்பு. அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை.

நேற்று வண்டி நிற்கும் முதலியார்பேட்டைக்குப் போய் மறுபடி பார்த்தேன். கலைவாணனும் வந்திருந்தார், நீ ஒருமுறை நன்றாக இருக்கிறது என்று சொன்ன நீலச் சட்டையில்.

"ஆயுத பூஜைக்குப் பூசின சந்தனம்ணே. இதுக்கா அண்ணிய அழ வெச்சீங்க?" என்று சொல்லித் தகட்டை ஈரத் துணியால் துடைத்தார். ஆயிரத்து அறுநூறு கிலோ என்று பளிச்சென்று தெரிந்தது.

நீ அழுதது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

சங்கிலி, பிரேக், இந்த வருடச் சோதனைச் சான்று எல்லாம் பார்த்தேன். துரதிர்ஷ்டவசமாக ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை வண்டி வருகிறது; நீயும் வந்துவிடு.

உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க அவரே வருகிறாராம். "அண்ணி ஒரே வாரத்துல புடிச்சிக்குவாங்க" என்றார். ஓட்டுபவர் இடத்தை டேப் வைத்து அளந்தேன். ஒருவர்தான் உட்கார முடியும். இவ்வளவு பாதுகாப்பான வண்டியை நான் பார்த்ததே இல்லை.

இப்படிக்கு,
உன் பாதுகாப்பு அதிகாரி